கடைமடைக்குப் போகாத எச்சரிக்கை: பயங்கரவாதத் தடுப்பில் நாடுகளின் கூட்டுறவு

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம் ஒன்று உண்டு. குடிமையியலில் இந்தியாவின் வெளியுறவு பற்றிய பாடங்களுக்கு வரும்போது சார்க், பிம்ஸ்டெக், பிரிக்ஸ் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. தலைமையகம், தொடங்கிய ஆண்டு, உறுப்பு நாடுகள் ஆகியவற்றை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால், "பயங்கரவாதத்தை ஒழிக்க நாடுகள் ஒத்துழைக்கின்றன என்கிறோமே, ஒத்துழைக்கிறதுன்னா என்ன சார் பண்ணுவாங்க?" என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், அந்தப் பட்டியல் உதவாது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு மிக அருகிலேயே ஓர் உண்மை நிகழ்வு இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகள்தான் அது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் வேலை பார்க்கும் நமக்கு இலங்கை தூரத்து நாடு இல்லை. வேளாங்கண்ணிக்கு அங்கிருந்து பக்தர்கள் வருகிறார்கள். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கியது. சுமார் 110 கி.மீ. கடல் தூரம்தான். கப்பலில் ஏறும் பயணியின் கடவுச்சீட்டையும் விசாவையும் இந்தக் கரையில் ஓர் அலுவலர் பார்க்கிறார். அந்தக் கரையில் இன்னோர் அலுவலர் பார்க்கிறார். இரு நாட்டு அரசுகளின் கூட்டுறவுக்கு மாணவர்களின் கண்ணுக்குத் தெரியும் எளிய எடுத்துக்காட்டு இது.

என்ன நடந்தது?

அன்று காலை கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வழிபாட்டுத் தலங்களிலும், கொழும்பின் மூன்று பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 500 பேர் காயமடைந்தனர். இறந்தவர்களில் இந்தியர்களும் வேறு பல நாட்டவரும் உண்டு. சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

இந்தத் தாக்குதல் பற்றி முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்றால், அது ஒரு துயரச் செய்தியாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் தெரிந்திருந்தது.

2018-இல் கோயம்புத்தூரில் சிலர் கைதான ஒரு வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை, அதாவது என்.ஐ.ஏ., விசாரித்தது. அந்த விசாரணையில் இலங்கை மதபோதகர் ஸஹ்ரான் ஹாசிமின் காணொலிகள் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. பின்னர் ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். 2019 ஏப்ரல் 4 அன்று இந்தியாவிடமிருந்து இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை போனது. எந்தக் குழு, யார் தலைவர், எவ்வகை இடங்கள் குறி என்ற விவரங்கள் அதில் இருந்தன. தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தன.

ஏப்ரல் 9 அன்று அந்தத் தகவல் இலங்கையின் காவல்துறைத் தலைவருக்குக் கடிதமாகப் போனது. ஏப்ரல் 11 அன்று அமைச்சர்கள், நீதிபதிகள், தூதரகங்கள் போன்றோரின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகளுக்குச் சுற்றறிக்கை போனது. தேவாலயங்களுக்குப் போகவில்லை. தனக்குத் தெரிந்திருந்தால் ஞாயிறு திருப்பலியையே நிறுத்தியிருப்பேன் என்று கொழும்புப் பேராயர் பின்னர் வேதனையோடு சொன்னார். பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தனக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்றார். 2018 அக்டோபர் அரசியல் நெருக்கடிக்குப் பிறகு அவர் தேசியப் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை. தாக்குதலுக்கு முந்தைய நாளும், அன்று காலையிலும்கூட இந்தியாவிலிருந்து மீண்டும் எச்சரிக்கை போனது.

மேட்டூரும் கடைமடையும்

இதை நம் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே விளக்கலாம். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வரும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அதனால் பேராவூரணிக்கும் தலைஞாயிறுக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டும், வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும், மதகைத் திறக்க லஸ்கர் அங்கே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லை என்றாலும் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். மேட்டூர் திறந்தது பொய்யாகாது. ஆனால் கடைமடை விவசாயிக்கு அதனால் பயன் இல்லை.

நாடுகளின் ஒத்துழைப்பும் இப்படித்தான். ஒரு நாடு தகவல் கொடுப்பது அணை திறப்பது போன்றது. ஒப்பந்தங்களும் அமைப்புகளும் வாய்க்கால்கள். தேவாலய வாசலில் நிற்க வேண்டிய காவலர்தான் கடைசி மதகு. 2019-இல் அணை திறந்தது. தண்ணீர் பாதி வழியில் நின்றுவிட்டது. இந்த ஒப்புமையை மனதில் வைத்துக்கொண்டு, அந்த வாய்க்கால்கள் எவை என்று பார்ப்போம். நான்காகப் பிரித்துச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

1. தகவல்

உளவு அமைப்புகள் நேரடியாகப் பரிமாறிக்கொள்வது முதல் வகை. இதில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: தகவல் கொடுத்த நாட்டின் அனுமதி இல்லாமல் அதை மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், தகவல் சொன்ன ஆளின் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் இந்த வேலை நம்பிக்கையை வைத்துத்தான் நடக்கிறது.

காவல்துறைகளுக்கு இடையிலான வழி இன்டர்போல். 1923-இல் தொடங்கிய இந்த அமைப்பின் தலைமையகம் பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கிறது. 196 நாடுகள் உறுப்பினர்கள். இந்தியாவில் அதன் தொடர்பு அலுவலகம் சி.பி.ஐ. சினிமாவில் காட்டுவதுபோல இன்டர்போல் போலீஸ் வந்து யாரையும் கைதுசெய்வதில்லை. 'சிவப்பு அறிவிப்பு' என்பதும் சர்வதேசப் பிடியாணை அல்ல. இன்ன நபர் தேடப்படுகிறார், கண்டால் அவரை நிறுத்திவையுங்கள் என்று எல்லா நாடுகளுக்கும் விடுக்கும் வேண்டுகோள். கைதுசெய்வதா என்பதை அந்தந்த நாட்டின் சட்டம்தான் முடிவுசெய்யும். அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் இன்டர்போல் தலையிடக் கூடாது என்று அதன் சாசனத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது.

2. சாட்சியம்

உளவுத் தகவலை வைத்துத் தாக்குதலைத் தடுக்கலாம். நீதிமன்றத்தில் தண்டனை வாங்க சாட்சியம் வேண்டும். தொலைபேசி விவரம், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவை வேறொரு நாட்டில் இருந்தால், அந்த நாட்டு அரசிடம் முறைப்படி கேட்டுத்தான் வாங்க முடியும். இதற்கு 'பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தங்கள்' இருக்கின்றன. இந்தியாவில் இந்தக் கோரிக்கைகளை உள்துறை அமைச்சகம் கையாள்கிறது. மும்பைத் தாக்குதல் வழக்கில் அமெரிக்கச் சிறையில் இருந்த டேவிட் ஹெட்லியை 2010-இல் என்.ஐ.ஏ. அதிகாரிகள் அமெரிக்கா சென்று விசாரித்தார்கள். 2016-இல் அவர் காணொலி வழியாக மும்பை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். இவை இந்த வழியில் நடந்தவை.

3. ஆள்

குற்றம் சாட்டப்பட்டவர் வேறு நாட்டில் இருந்தால் அவரை ஒப்படைக்கச் சொல்வது மூன்றாவது வகை. இந்தியாவில் இதற்கு 1962-ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம் உள்ளது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்தனர். அந்த வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணா அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாள் 2025 ஏப்ரல் 10. இடையில் 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. "ஏன் சார் இவ்வளவு நாள்?" என்று மாணவர் நிச்சயம் கேட்பார். அவர் அந்நாட்டு நீதிமன்றங்களில் படிப்படியாக மேல்முறையீடு செய்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் மண்ணில் இருக்கும் எவரையும் விசாரிக்காமல் இன்னொரு நாட்டிடம் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்பதால்தான் இத்தனை படிகள். நாளை தவறாகக் குற்றம் சாட்டப்படும் ஓர் இந்தியரையும் அதே படிகள்தான் காக்கும் என்று விளக்கினால் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

4. பணம்

குண்டு செய்யவும், வாடகை வீடு எடுக்கவும், பயணம் செய்யவும் பணம் வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1373-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுப்பதைக் குற்றமாக்க வேண்டும், அந்தப் பணத்தை முடக்க வேண்டும், புகலிடம் தரக் கூடாது, தகவல் பரிமாற வேண்டும் என்று அது எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. அதைக் கண்காணிக்க ஒரு குழுவும் உண்டு. 2022-இல் இந்தியாவின் தலைமையில் அந்தக் குழு மும்பையிலும் டெல்லியிலும் கூடியது.

பணத்தின் பாதையைக் கவனிக்கும் இன்னோர் அமைப்பு எஃப்.ஏ.டி.எஃப். எனப்படும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு. 1989-இல் தொடங்கியது, இந்தியா 2010-இல் உறுப்பினரானது. விதிகளைச் சரியாகக் கடைப்பிடிக்காத நாட்டை அது கண்காணிப்புப் பட்டியலில் வைக்கும். அந்தப் பட்டியலுக்குப் பேச்சுவழக்கில் 'சாம்பல் பட்டியல்' என்று பெயர். பாகிஸ்தான் 2018 முதல் 2022 வரை அதில் இருந்தது. நாம் வங்கியில் கணக்குத் தொடங்கும்போது ஆதார், பான், புகைப்படம் என்று கேட்டு 'கே.ஒய்.சி.' படிவம் நிரப்பச் சொல்கிறார்களே, அதற்கும் இந்த உலக விதிகளுக்கும் தொடர்பு உண்டு.

ஒப்பந்தம் இருந்தும் ஏன் தடை?

நம் வட்டாரத்தில் ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. 1987-இல் காட்மாண்டுவில் சார்க் நாடுகள் பயங்கரவாத ஒடுக்குமுறை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1991 மே 21 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வங்கக் கடல் சார்ந்த பிம்ஸ்டெக் நாடுகளுக்கும் இதற்கென ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 2009-இல் கையெழுத்தாகி, 2021-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

தாமதங்களுக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, 'பயங்கரவாதம்' என்றால் என்ன என்பதில் உலக நாடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1996-இல் ஐ.நா.வில் இந்தியா முன்மொழிந்தது. விடுதலைப் போராட்டம் எது, பயங்கரவாதம் எது, அரசுப் படைகளின் செயலை எங்கே சேர்ப்பது என்ற கேள்விகளில் அது நிற்கிறது. ஆனாலும் விமானக் கடத்தல், பணயக் கைதி பிடித்தல், குண்டுவைத்தல், நிதியளித்தல் என்று தனித்தனிச் செயல்களுக்கு உடன்படிக்கைகள் உண்டு. பெயரில் உடன்படாதவர்கள் செயலில் உடன்படுகிறார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு நாட்டின் சொந்த நலன். ஐ.நா. தடைப் பட்டியலில் ஒருவர் பெயரைச் சேர்க்கப் பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும். மசூத் அசாரின் பெயரைச் சேர்க்க இந்தியா 2009-இல் முயற்சியைத் தொடங்கியது. சேர்ந்தது 2019 மே 1 அன்று.

மூன்றாவது காரணம் நாட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. இலங்கையில் நடந்தது இதுதான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் தடை இருக்கவில்லை. ஓர் அலுவலகத்துக்கும் அடுத்த அலுவலகத்துக்கும், குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் இடையில்தான் தடை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த எச்சரிக்கைக்கு மட்டும் அந்த நிலை என்றும் சொல்ல முடியாது. ஸஹ்ரானைப் பற்றி அவருடைய சொந்த ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே பல ஆண்டுகளுக்கு முன்பிருந்து அதிகாரிகளிடம் புகார் கொடுத்து வந்தார்கள். அதுவும் போக வேண்டிய இடம்வரை போகவில்லை.

இந்த அலட்சியத்துக்கு நீதிமன்றம் பதில் கேட்டது. பாதிக்கப்பட்டோர் தொடுத்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த இலங்கை உச்ச நீதிமன்றம், 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. கிடைத்த தகவலின் மீது நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. உயர் அதிகாரிகள் நால்வரும் இழப்பீடு தர வேண்டும் என்றது. தகவலை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் உரிமை மீறல்தான் என்பது இந்தத் தீர்ப்பின் சாரம். குடிமையியல் பாடத்தில் அடிப்படை உரிமைகளை நடத்தும்போதும் இதைப் பயன்படுத்தலாம்.

வகுப்பறைக்குள் வரும் சந்தேகம்

இங்கே ஆசிரியராகிய நம் பொறுப்பு ஒன்று இருக்கிறது. எங்கே குண்டு வெடித்தாலும், அடுத்த நாள் வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டு மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பது நடக்கிறது. விளையாட்டு வகுப்பில் ஒரு கேலிச் சொல் விழுகிறது. அந்தப் பிள்ளை வீட்டில்கூடச் சொல்லாது.

இலங்கையில் தாக்குதலுக்கு மூன்று வாரம் கழித்து, மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிரிழப்பும் ஏற்பட்டது. முதலில் எச்சரித்தவர்களில் அந்தச் சமூகத்தினரும் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அநீதி புரியும். ஒரு சமூகத்தையே சந்தேகப்பட்டால், அங்கிருந்து வரும் தகவலும் நின்றுபோகும். 2006-இல் ஐ.நா. பொது அவை ஏற்ற உலகப் பயங்கரவாத எதிர்ப்புத் திட்டம் நான்கு தூண்களைக் கொண்டது. பயங்கரவாதம் வளரும் சூழலை மாற்றுவது முதல் தூண். மனித உரிமைகளையும் சட்டத்தின் ஆட்சியையும் காப்பது நான்காவது தூண். நடுவில் உள்ள தடுப்பு நடவடிக்கைக்கும் திறன் வளர்ப்புக்கும் இருபுறமும் இவை துணை நிற்கின்றன.

எண்களிலும் கவனம் தேவை. ஈஸ்டர் தாக்குதலில் இறந்தோர் 359 பேர் என்று முதலில் அரசே அறிவித்தது. சில நாளில் சுமார் 253 என்று திருத்தியது. பின்னர் காயமடைந்தோரில் சிலர் இறந்ததால் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது. அரசின் அறிவிப்பே மாறும்போது, வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை உடனே பகிர்வது எவ்வளவு ஆபத்து என்று மாணவர்கள் உணர இது நல்ல சான்று.

ஒரு பாடவேளையில் செய்யக்கூடியவை

உயர்நிலை வகுப்புகளில் ஏப்ரல் 4, 9, 11, 20, 21 ஆகிய தேதிகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் தகவல் யார் கையில் இருந்தது என்று குறிக்கச் சொல்லலாம். அடுத்து அது யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று குழுவாகப் பேசச் சொல்லலாம். பிள்ளைகள் தாங்களாகவே தேவாலயத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

'சந்தேகிக்கப்படுபவர்', 'குற்றம் சாட்டப்பட்டவர்', 'குற்றவாளி' ஆகிய மூன்று சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு செய்தித்தாள் நறுக்கை வைத்து விளக்கலாம். தமிழ்ப் பாடவேளைக்கும் இது பொருந்தும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் குண்டுவெடிப்புக் காட்சிகள் வேண்டாம். பேருந்தில் ஆளில்லாத பை கிடந்தால் தொடக் கூடாது, நடத்துநரிடம் சொல்ல வேண்டும் என்பது போதும். 112 அவசர உதவி எண்ணையும், கடலோரப் பள்ளிகளில் கடலோரக் காவல்துறையின் 1093 எண்ணையும் சொல்லிக் கொடுக்கலாம். கடலில் புதிய படகைக் கண்டால் முதலில் கவனிப்பவர்கள் மீனவர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு பிள்ளை நம்மிடம் வந்து ஏதாவது சொன்னால், அது சின்ன விஷயமாக இருந்தாலும், தலைமையாசிரியரிடம் கொண்டுபோவதும், என்ன செய்தோம் என்று அந்தப் பிள்ளையிடம் திரும்பச் சொல்வதும் நம் வேலை. சொன்னதற்குப் பலன் உண்டு என்று பள்ளியில் பார்க்கும் பிள்ளைதான் நாளை ஓர் அலுவலகத்தில் உட்காரும்போது, தன் மேசைக்கு வரும் கடிதத்தைப் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பி வைக்கும்.